சோம்பேறிக் கட்டு

ஏரோப்ளேனை வலை போட்டு நிறுத்துவார்கள் என்று நான் சொன்னபோது எங்கள் குப்பத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்தப் பருவத்துல மே அது கூட்டமா வரும்? நானும் படகை எடுத்துக்கினு வர்றேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். "இன்னா மே, இன்னிக்காவது ஏரோப்ளேன் மாட்டிச்சா?" மாட்டினால் தலையை உனக்குத்தான் குழம்பு வைப்பேன் என்பேன். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கேள்வியும் பதிலும் அலுக்கவே இல்லை.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை ஷெட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்போது ஒரு வருஷம் பழவேற்காட்டு முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை என்றால் இறாலும் வராது, மீனும் வராது. படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆண்கள் சீட்டு விளையாடினார்கள், சண்டை போட்டார்கள், பிறகு மறுபடி சீட்டு விளையாடினார்கள். அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு என்ஜினியர், மடிப்பு கலையாத சட்டையோடு, வலை கட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று எங்கள் குப்பத்து மணலில் வந்து நின்றார். பூட்ஸுக்குள் மணல் புகுந்து அவர் நொண்டிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் பக்கம் வலை ஆண்களின் வேலை. ஆனால் மணியடித்தால் உட்கார்ந்து, மணியடித்தால் எழுந்திருக்கும் வேலைக்கு எங்கள் ஆண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. கண்ணி போடத் தெரியாத பெண்ணும் எங்கள் குப்பத்தில் கிடையாது. நான் முன்னால் போய் நின்றேன். வாய் நீளம் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்ததால் யாரும் ஆச்சரியப்படவில்லை. என் நாத்தனாரையும் இன்னும் நான்கு பெண்களையும் சேர்த்துக்கொண்டேன். ஆக ஆறு பேர். ஆறு வீட்டிலும் அப்போது எங்கள் கூலியில்தான் உலை கொதித்தது. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் நடந்ததற்கு இது வேண்டும்.

விடியும் முன்பே கிளம்பி, பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து கரி வண்டி. கவரைப்பேட்டையில் கூடைக்காரிகள் ஏறுவார்கள். வேர்க்கடலை, கொய்யா, கீரைக்கட்டு எல்லாம் எங்கள் மடிமேல்தான் இறங்கும். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது முகத்தில் கரித்தூள், புடவையில் கீரைத் தண்ணீர். அந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பை நான் பிறகு எங்கேயும் சிரிக்கவில்லை. வீட்டில் மாமியார், மாமனார், பிள்ளைகள், காயப்போட்ட மீன். ரயிலில் நாங்கள் ஆறு பெண்கள் மட்டும். இப்போது மின்சார வண்டியில் அந்த வழியே போகும்போதெல்லாம் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தாலும் மனசு எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஷெட் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. வெயிலில் உள்ளே வெந்துவிடும். நைலான் வார்கள் பெரிய பெரிய உருளைகளாக வரும். பழுக்கக் காய்ச்சிய கத்தியால் வாரை வெட்டுவார்கள், வெட்டிய முனை உருகி ஒட்டிக்கொள்ளும், அந்த நாற்றம் தலைமுடியில் ஏறி வீடு வரைக்கும் வரும். தையல் மெஷின்களில் உள்ளூர்ப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பன்மார் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள், இவர்கள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டதால் எங்களை 'மீன்காரம்மா' என்று கூப்பிடுவார்கள். மதியம் நாங்கள் கருவாட்டுக் குழம்பைத் திறந்ததும் அவர்களே தட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். என்ஜினியர் மட்டும் தன் அறை ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

வலை என்று சொன்னாலும் அது எங்கள் வலை மாதிரி இல்லை. கண்ணி கிடையாது. மேலே ஒரு நீண்ட வார், கீழே ஒரு நீண்ட வார், இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாகக் கையகல வார்கள் நிறைய. விமானம் இறங்கி ஓடும் பாதையின் கடைசியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதைத் தூக்கி நிறுத்துவார்களாம். பிரேக் பிடிக்காமல் ஓடிவருகிற விமானம் அதில் மூக்கை நுழைக்கும், வார்கள் இறக்கையைச் சுற்றிக்கொள்ளும், விமானம் நின்றுவிடும். தையலெல்லாம் மெஷினில். கையால் செய்ய வேண்டிய முடிச்சுகளும் பின்னல்களும் எங்களுக்கு.

எல்லாவற்றிலும் முக்கியமானது மேலே போடும் கட்டு. மேல்வாரை ஓர் எஃகுக் கயிற்றில் தொங்கவிட்டு, இடைவெளி விட்டு நாற்பத்தெட்டு இடங்களில் மெல்லிய நூலால் கட்ட வேண்டும். ஒரே ஒரு சுற்று, ஒரு முடிச்சு. அவ்வளவுதான். என்ஜினியர் முதல் நாளே கட்டிக் காட்டினார். "இது அறணும்மா. அதுக்குத்தான் மெல்லிசு நூல். ஒரு சுத்துக்கு மேல போடாதீங்க" என்றார்.

தலையை ஆட்டினோம். அவர் அந்தப் பக்கம் போனதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். அறுவதற்கு ஒரு கட்டா? என் நாத்தனார் அதற்கு அங்கேயே பெயர் வைத்தாள். "சோம்பேறிக் கட்டு அண்ணி இது. வேலைக்கு வந்துட்டு படுத்துக்கும்."

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலை கிழிந்தால் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள். நண்டு கடிக்கும், பாறை இழுக்கும், கிழிவது வலையின் குணம். ஆனால் கட்டு விட்டுப்போனால் கதையே வேறு. வலையை மணலில் விரித்து, விட்டுப்போன இடத்தைத் தூக்கிப் பிடித்து, "யார் கை இது?" என்று கேட்பார்கள். சுற்றி எல்லாரும் நிற்பார்கள். போட்டவர் வாயைத் திறந்து "என் கை" என்று சொல்லியாக வேண்டும். என் அம்மாவை ஒருமுறை அப்படிக் கேட்டார்கள். இரண்டு நாள் அவள் சோறு தின்னவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்த என்னிடம் வந்து அறுந்துபோகிற கட்டைப் போடு என்றால் கை எப்படி வரும்?

முதல் வலையில் நாலைந்து கட்டு அவர் சொன்னபடியே போட்டேன். இழுத்துப் பார்த்தால் நூல் அறுந்துவிடும்போல் முனகுகிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடலைப் பார்க்காத மனுஷன், நூலில் சிக்கனம் பிடிக்கிறார், நாளைக்கு அறுந்தால் "யார் கை?" என்று நம்மைத்தானே கேட்பார்கள் என்று நினைத்தேன். "இன்னொரு சுத்து போடு. முடிச்சை உள்ளே தள்ளிடு. வெளியே தெரியாது" என்று மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்தான். முதலில் போட்டதையும் அவிழ்த்து, நாற்பத்தெட்டிலும் இரண்டு சுற்று. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கிப் பல்லால் கடித்துவிட்டோம், எங்கள் வலைக்குச் செய்வது போலவே. அன்றைக்கு ரயிலில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் தையலைப் பார்த்தார், வாரை அளந்தார், நூலை உருளையிலிருந்து வெட்டி இழுத்துப் பார்த்தார். கட்டுகளை விரலால் தட்டிக்கொண்டே எண்ணினார். "கைவேலை பலே" என்று என்ஜினியரிடம் சொன்னார். நாத்தனார் என் இடுப்பைக் கிள்ளினாள். வலையைச் சுருட்டித் தார்ப்பாயில் கட்டி, ஒரு காலையில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்கால வண்டியில் ஏறும் என்றார்கள்.

அதே காலையில்தான் விமானம் ஓட்டுகிற ஒருத்தர் வந்தார். ராணுவத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஷெட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். மற்றவர்கள் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டு மெஷின் பக்கம் போய்விட்டார்கள். இவர் மட்டும் காக்கிச் சட்டையோடு எங்கள் பாய் பக்கம் வந்து குந்தி உட்கார்ந்தார். திருநெல்வேலிப் பேச்சு. என் தம்பி வயதுதான் இருக்கும். "இந்த மேல்கட்டு யாரும்மா போடுறது?" என்று கேட்டார். பெருமையாக நான் கையைத் தூக்கினேன்.

"நான் ஒரு தடவை இந்த வலைக்குள்ள போயிருக்கேன்" என்றார் அவர். மழை நாளாம். இறங்கியதும் பிரேக் இல்லை. பாதை முடிகிற இடத்தில் வலை, அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். வலது கையை விமானமாக வைத்துக்கொண்டு, இடது கையை வலையாக நிறுத்திக் காட்டினார். "மூக்கு உள்ள வந்ததும் இந்த மேல்கட்டெல்லாம் படபடன்னு அறுந்துரும். அறுந்தாத்தான் வலை கீழ எறங்கி றெக்கை மேல படியும். என் தலைக்கு மேல அது அறுந்த சத்தம் இருக்கே, அப்படி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லம்மா."

"அறலைன்னா சார்?" என்று நான் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே இடது கையைத் தன் கழுத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். "மேல்வார் எறங்காம அப்படியே விறைப்பா நிக்கும். பைலட் உக்கார்ற கண்ணாடிக்கு நேரா." பிறகு எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க கட்டை நம்பித்தான் நாங்க எறங்குறோம்."

எழுந்து கைப்பம்பு பக்கம் போனேன். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாயத் தொறக்காத அண்ணி. ஆறு ஊட்டு அடுப்பு" என்றாள். "எல்லாரையும் தொரத்திடுவாங்க. அண்ணனுக்கு தொழில் இல்ல, முகத்துவாரம் எப்ப தொறக்கும்னு யாருக்குத் தெரியும்? அந்த வலையை எடுத்துப் போய் எங்கியோ சும்மா நிறுத்தி வெச்சிருப்பாங்க. ஏரோப்ளேன் தெனமுமா வந்து முட்டுது?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேருடைய முகமும் வந்தது. படகுக்கு அடியில் படுத்துக்கிடக்கும் வீட்டுக்காரர் முகம் வந்தது. ஒரு குடம் தண்ணீரை வீணாக அடித்து இறைத்துக்கொண்டே நின்றேன். என்னை எது தள்ளியது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பையன் கும்பிட்டதுதான் என்று தோன்றுகிறது. என்னை அதுவரை காக்கிச் சட்டைக்காரர் யாரும் கும்பிட்டதில்லை.

வந்தவர்களின் ஜீப் கேட்டைத் தாண்டும் வரை பொறுத்தேன். வெளியாள் முன்னால் என்ஜினியருக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று. பிறகு அவருடைய அறைக்குள், வாழ்க்கையில் முதல் தடவையாக, கூப்பிடாமலே நுழைந்தேன்.

"சார், மேல்கட்டுல ரெண்டு சுத்து போட்டிருக்குது."

"எந்த வலையில?"

"காலையில போச்சே, அதுல."

"எத்தனை கட்டுல?"

"எல்லாத்துலயும் சார்."

அவர் பேனாவை மூடினார். கத்துவார் என்று நினைத்தேன். அவருக்குக் கத்தத் தெரியாது போலிருக்கிறது. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. "யாரு பண்ணது?" என்று கேட்டார்.

அவருக்கு எங்கள் வழக்கம் தெரிய நியாயமில்லை. ஆனாலும் என் காதில் அது மணலில் கேட்கிற கேள்வியாகவே விழுந்தது. "என் கை சார்" என்றேன். "மத்தவங்க நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. அனுப்பறதா இருந்தா என்னை மட்டும் அனுப்பிடுங்க." அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், ஆனாலும் அழுதேன்.

அவர் எழுந்து நின்றார். "எல்லாரையும் கூப்பிடு. நூல் உருண்டையை எடுத்துக்கோ" என்றார்.

ஸ்டேஷனுக்கு நடையும் ஓட்டமுமாகப் போனோம். கூட்ஸ் கிளார்க், புக் ஆன சரக்கைப் பிரிக்க முடியாது என்றார். ரூல் புத்தகத்தைத் தேடினார். என்ஜினியர் அவரிடம் கெஞ்சினார், பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் தன் தப்பாகச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "நான் சரியா விளக்கிச் சொல்லலை, என் தப்பு" என்றார். எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த இளக்காரமெல்லாம் அந்தக் கதவடியிலேயே போய்விட்டது.

வண்டியைத் தவறவிட்டு, சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதம் வந்தது. தூக்கிக்கொண்டு போக லாரி மறுநாள்தான் கிடைக்கும். என்னால் அதுவரை பொறுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். கூட்ஸ் ஷெட் நடையிலேயே தார்ப்பாயைப் பிரித்தோம். நாங்கள் பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு, விரலுக்கு அவிழவில்லை. பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தோம். அறுத்த இடத்தில் ஒரே சுற்று, ஒரே முடிச்சு. சூலூர்ப்பேட்டைக்குப் போகிற பாசஞ்சர் வந்து நின்றபோது ஜன்னலிலிருந்து ஒருத்தர் எட்டிப்பார்த்து, "இன்னா நைனா, ரயில்ல மீன் பிடிக்கிறாங்களா?" என்று யாரையோ கேட்டார். எங்களில் ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் என்னோடு பேசாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டினாள். அவள் கை என் கையைவிட வேகம். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தெட்டும் முடிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து திட்டியதை எழுத முடியாது. அதற்கப்புறம் ஒரு புது முறை வந்தது. தினமும் சாயங்காலம் நாங்கள் போட்ட கட்டில் ஒன்றை எடுத்து எடை தொங்கவிட்டு அறுத்துப் பார்ப்பார்கள். அது டப்பென்று அறும்போது நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நிற்போம். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, துண்டு வார்களைப் பொறுக்கி அடுக்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் என்ஜினியர் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்றவர்கள் பயத்தில் கட்டை ரொம்பத் தளர்த்திப் போட, அது எடை தொங்கவிடுமுன்பே அவிழ்ந்தது. மறுபடி என்னைக் கூப்பிட்டார்கள். வேலை போகவில்லை. யாருடைய வேலையும் போகவில்லை.

வீட்டில் நான் இதைச் சொல்லவே இல்லை. நாத்தனாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் வழக்கம்போல ஏரோப்ளேனைக் கேட்டார், நானும் வழக்கம்போலத் தலைக்குழம்பைச் சொன்னேன்.

முகத்துவாரம் திறந்தது. படகுகள் தண்ணீரில் இறங்கின. அடுத்த கோடையில் ஒருநாள் லாரியில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. பழைய தார்ப்பாய், ஒரு மூலையில் எங்கள் ஷெட்டின் அடையாளம், எண் ஒன்று. அந்த முதல் வலைதான். பழுது பார்க்கத் திரும்பி வந்திருந்தது.

ஷெட்டின் தரை முழுக்க விரித்தோம். நடுவார்கள் சில கிழிந்திருந்தன. டயர் கருமை, எண்ணெய்க் கறை, ஓரிடத்தில் வெள்ளிப் பெயிண்ட் உரசல். நான் குனிந்து மேல்வாரைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் அறுந்திருந்தது. நாற்பத்தெட்டும். நுனியில் நூல் பூவாகப் பிரிந்து நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ள இருந்தவரு?" என்று நாத்தனார்தான் கேட்டாள்.

"மேல்கண்ணாடியைத் தொறந்துகிட்டு எறங்கி நடந்தே போனாராம்" என்றார் என்ஜினியர். அதைச் சொல்லிவிட்டு அவர் வேகமாகத் தன் அறைக்குப் போய்விட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

அன்று குப்பத்துக்குத் திரும்பும்போது ஆண்கள் மணலில் வலையை விரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். வீட்டுக்காரர் ஊசியை வாயில் கடித்தபடியே தலையைத் தூக்கினார்.

"இன்னா மே, மாட்டிச்சா?"

"மாட்டிச்சி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"நான் போட்ட கட்டு அத்தனையும் அறுந்துபோச்சி" என்றேன். எங்கள் குப்பத்து மணலில் நின்று ஒரு பெண் அப்படிச் சொன்னதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் கை?" என்றார் அவர், வழக்கம் விட்டுப்போகாமல்.

"என் கை மாமா" என்றேன். பக்கத்தில் நின்ற நாத்தனார் தன் அப்பாவைப் பார்த்து, "என் கையும்தான் நைனா" என்றாள்.